இராமானுஜன் பள்ளிப் பருவத்திற் கற்ற உயர்கணிதம்

நமது சஞ்சிகையில் மாதந்தோறும் நம் குலத்துப் பெரியோருடைய சரிதங்களே பெரும்பாலும் வெளிவருதல் வழக்கம். இம்மாதம் அவ்வழக்கினின்றும் சிறிது விலகி, உலகமெல்லாம் அறிந்த ஒருவரது இளம்பருவத்தை எழுதப் புகுந்தோம். அதற்குக் காரணம் ஒன்றுண்டு. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி முதலிய ஊர்களில் வாழும் நம் அங்கத்தினர் இல்லங்களில், பள்ளியிற் பயிலும் பிள்ளை தன் வகுப்புக்கு மேற்பட்ட கணிதத்தைக் கற்க ஆசைகொண்டால் பெற்றோர் யாது செய்வது என்னும் வினா எழுந்துகொண்டேயிருக்கின்றது. சிலர் மகிழ்ந்து ஊரறியப் பேசுகின்றனர். வேறு சிலர், மற்றப் பாடங்களில் மதிப்பெண் குறைந்துவிடுமே என்றஞ்சிப் புத்தகத்தைப் பறித்து மேலே வைக்கின்றனர். இவ்விரு திறத்தாரும் அறியவேண்டுவன சீநிவாச இராமானுஜன் அவர்களுடைய பள்ளிக்கூட நாட்களில் நிரம்ப உள. அவர் கடல் கடந்து சென்றதும் பெரும்புகழ் பெற்றதும் யாவரும் அறிந்தவையாதலால் அவற்றைச் சுருக்கி, அவர் மாணாக்கராயிருந்த காலத்தையே விரித்துரைப்போம்.

இராமானுஜன் 1887-ஆம் வருடம் டிசம்பர் மாதம் 22-ந் தேதி ஈரோட்டில் தம் தாய்வழிப் பாட்டனார் இல்லத்திற் பிறந்தார். தந்தையார் சீநிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையிற் கணக்கெழுதி வந்தவர். மாதம் ஏறத்தாழ இருபது ரூபாய் வருவாய். தாயார் கோமளத்தம்மாள் கோயிலிற் பஜனைப் பாட்டுப் பாடிச் சிறிது பொருள் பெற்றுக் குடும்பத்திற்கு உதவினார். சாரங்கபாணி சந்நிதித் தெருவில் அவர்கள் குடியிருந்த சிறு வீடு இன்றும் உளது. ஆங்கில அரசாட்சிக் காலத்தில் வறுமைக்கும் வாழ்வுக்கும் இடையே நின்ற எத்தனையோ குடும்பங்களுள் அஃது ஒன்று. படிப்பொன்றாலேயே மேலே வரவேண்டிய குடும்பம் என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வாராக. பின்னர் நிகழ்ந்தவற்றின் கொடுமை அப்போதுதான் விளங்கும்.

1897-ஆம் வருடம் நவம்பர் மாதம் நடந்த ஆரம்பப் பள்ளிப் பரீக்ஷையில் இராமானுஜன் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே முதல்வராகத் தேறினார். ஆயினும் கணக்கில் வகுப்புத் தோழர் ஒருவர் தம்மினும் ஒரு மதிப்பெண் மிகுதியாகப் பெற்றாரென்று அறிந்து, அத்தோழருடன் பேசாமலே சில காலம் இருந்தாராம். பிள்ளைத்தன்மைதான். எனினும் அச்சிறுவரது உள்ளம் எதிலே ஊன்றியிருந்தது என்பதை அது காட்டுகின்றது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் அரைச் சம்பளச் சலுகையுடன் சேர்ந்தார். ஆறு ஆண்டுகள் அங்கே கழிந்தன. அவர் வாழ்நாளிற் கவலையற்ற காலம் அதுவே என்னலாம்.

கீழ்வகுப்பிற் படிக்கையிலேயே, கணிதத்தில் எல்லாவற்றினும் உயர்ந்த உண்மை யாது என்று மேல்வகுப்பு மாணாக்கரைக் கேட்டுத் திரிந்தார். சிலர் பிதாகரஸ் தேற்றம் என்றனர். சிலர் பங்கு முதலீட்டுக் கணக்கு என்றனர்! அவரவர் வகுப்பிற் கடைசியாக எதைக் கற்றனரோ அதுவே அவரவர்க்கு உச்சமாயிற்று. இக்காலத்துப் பிள்ளைகளிடம் கேட்டாலும் மறுமொழி இதனின் வேறாகாது என்றே எண்ணுகிறோம். மற்றொரு செய்தியும் வழங்கி வருகின்றது. மூன்று பழங்களை மூவருக்குப் பங்கிட்டால் ஆளுக்கொன்று. ஆயிரத்தை ஆயிரவருக்குப் பங்கிட்டாலும் ஆளுக்கொன்று. ஆதலின் எவ்வெண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்றே வரும் என்று உபாத்தியாயர் விளக்கினாராக, பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தாலுமா என்று சிறுவர் வினவினாராம். உபாத்தியாயர் சினந்துகொள்ளவில்லை என்பதே நமக்கு இதில் முக்கியமாகத் தோன்றுகின்றது.

வீட்டில் வருவாய் போதாமையால், கல்லூரியிற் படித்த மாணாக்கர் இருவரை உடன் வைத்துக்கொண்டு உணவளித்து வந்தனர். ஒருவர் திருநெல்வேலியார், மற்றவர் திருச்சிராப்பள்ளியார். சிறுவரின் ஆர்வங்கண்டு அவர்கள் தமக்குத் தெரிந்த கணிதத்தைக் கற்பித்தனர். சில மாதங்களிற் கற்பிக்க அவர்களிடம் ஒன்றுமில்லையாயிற்று. அதன்பின் கல்லூரி நூல்நிலையத்திலிருந்து புத்தகங் கொணரச் சொல்லிக் கேட்கலானார். அவ்வாறு கைக்கு வந்தவற்றுள் ஒன்றே லோனி என்னும் ஆங்கில ஆசிரியர் எழுதிய திரிகோணமிதி நூலின் இரண்டாம் பாகம். இராமானுஜன் அதனைப் பன்னிரண்டு பதின்மூன்று பிராயத்திற்குள் பிறர் உதவியின்றிக் கற்று முடித்தார்.

அந்நூலின் உயரம் இன்னதென்று ஒருவாறு கூறுவோம். தொழிற்பேட்டைப் பட்டறைகளில் வேலை செய்யும் நம்மவர்க்குச் சைன், கோசைன் என்னுஞ் சொற்கள் புதியனவல்ல. லேத்தில் சரிவு கடைவதற்கும், சைன் பார் வைத்துக் கோணம் அளப்பதற்கும் அட்டவணையைப் பார்த்தோ கணக்குப் பொறியைத் தட்டியோ அவற்றின் மதிப்பைப் பெறுகின்றனர். பள்ளிக்கூடத்தில் நாம் கற்பது, செங்கோண முக்கோணத்தில் ஒரு பக்கத்தை மற்றொரு பக்கத்தால் வகுத்தலே சைன் என்பதோடு நின்றுவிடும். அட்டவணையில் அவ்வெண்கள் எங்கிருந்து வந்தன? கோணத்தை ஓர் எண்ணாகக் கொண்டு, அதனினின்றும் அதன் மும்மடியை ஆறால் வகுத்துக் கழித்து, ஐம்மடியை நூற்றிருபதால் வகுத்துக் கூட்டி, இவ்வாறே கழித்தும் கூட்டியும் முடிவில்லாமற் செல்லும் ஒரு தொடரே சைன் ஆகும். முக்கோணம் அங்கே மறைந்துபோகின்றது. லோனியின் இரண்டாம் பாகம் இத்தகைய முடிவிலாத் தொடர்களையும், முடிவிலாப் பெருக்கங்களையும், கற்பனை எண்களின் மடக்கைகளையும் கூறுவது. கல்லூரி மாணாக்கர்க்கென எழுதப்பட்ட அதனை ஹைஸ்கூல் மாணாக்கர் ஒருவர் கதைப்புத்தகம்போற் படித்தார்.

இதே காலத்தை ஒட்டி மற்றொன்று நிகழ்ந்தது. சைன், கோசைன் ஆகியவற்றைப் பற்றிய சில உண்மைகளை அவர் தாமாகவே கண்டுபிடித்துக் காகிதங்களில் எழுதி வைத்திருந்தார். பின்னர் அவை ஆய்லர் என்னும் பேரறிஞரால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டவை என்பதைப் புத்தகத்திற் கண்டதும் நாணமுற்று, அக்காகிதங்களை வீட்டுக் கூரையிற் செருகி மறைத்துவிட்டார். ஆய்லர் கண்டதைத் தாமும் கண்ட சிறுவர் அதற்காக வெட்கப்பட்டார்! அருகில் அறிந்தவர் ஒருவர் இருந்து, இதில் வெட்கத்திற்கு இடமில்லை என்று சொல்லி, ஆய்லருக்குப் பின் இன்னாரின்னார் இவ்வளவு தூரம் சென்றனர் என்று வழிகாட்டியிருப்பாரேல், அவருடைய கதை வேறாகியிருக்கும். கும்பகோணத்தில் அப்போது அத்தகையவர் இலர்.

ஆயினும் டவுன் ஹைஸ்கூல் தன்னாலியன்றதைச் செய்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணாக்கரையும் முப்பத்தைந்து அளவான உபாத்தியாயரையும் வகுப்புக்கும் நேரத்துக்கும் ஒத்தவாறு பிரித்தமைக்கும் காலஅட்டவணை வேலையை, மூத்த கணித உபாத்தியாயராகிய கணபதி சுப்பையர் இராமானுஜனிடமே ஒப்புவித்தார். பள்ளிக்கூடத்தில் வேலைபார்த்தோர் அவ்வேலையின் சிக்கலை அறிவர். வகுப்பிற் கற்பதற்கு ஒன்றுமில்லாத மாணாக்கரைச் சும்மா உட்கார வைக்காமலும், அடங்கி இரு என்று அதட்டாமலும், அறிவுக்கேற்ற பொறுப்பைக் கொடுத்த அவ்வுபாத்தியாயரை நாம் பெரிதும் மதிக்கின்றோம். கணிதப் பரீக்ஷைகளைக் குறித்த நேரத்திற் பாதியில் எழுதி முடித்து வெளியேறுதலும் இராமானுஜனுக்கு வழக்கமாயிருந்தது.

1902-ல் மூன்றாம் படிச் சமன்பாடுகளைத் தீர்க்கும் முறையை ஒருவர் காட்டினார். அதிலிருந்து நான்காம் படிக்குரிய முறையை அவரே அமைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு ஐந்தாம் படியை எடுத்துக்கொண்டு போராடினார். அத்தகைய சமன்பாட்டைப் பொதுவான மூலக்குறிச் சூத்திரம் ஒன்றால் தீர்க்கவியலாது என்பதை நார்வே தேசத்து ஏபெல் 1824-லேயே நிரூபித்திருந்தார். அச்செய்தி காவிரிக்கரைச் சிறுவருக்கு எட்டவில்லை. இவ்வாறு மூடிய கதவொன்றை அறியாமல் தட்டிக்கொண்டிருந்த நாட்கள் எத்தனையோ!

1903-ஆம் வருடம், அவருக்குப் பதினைந்து வயது கடந்திருந்தபோது, நண்பர் ஒருவர் அரசினர் கல்லூரி நூல்நிலையத்திலிருந்து ஒரு பெரிய புத்தகத்தை இரவலாகக் கொணர்ந்து தந்தார். அது கார் என்பவர் தொகுத்த கணிதச் சுருக்கம். கார் பெரிய கணித அறிஞரல்லர். லண்டனிலே கேம்பிரிட்ஜ் பரீக்ஷைக்கு மாணாக்கரைத் தயார் செய்துவந்த தனி ஆசிரியர். பீஜகணிதம், திரிகோணமிதி, நுண்கணிதம், வடிவகணிதம் முதலியவற்றில் ஐயாயிரம் அளவான முடிபுகளை வரிசையாக எண்ணிட்டுக் கொடுத்திருந்தார். பெரும்பாலானவற்றிற்கு நிரூபணம் இல்லை. இருந்தவிடத்தும் ஓரிரு குறிப்புகளே. பரீக்ஷைக்கு முந்தின இரவு புரட்டிப்பார்க்கும் புத்தகம் என்று நாம் கூறினால் பெரிதும் தவறாகாது.

அப்புத்தகம் இராமானுஜனை ஆட்கொண்டது. ஒவ்வொரு முடிபையும் எடுத்துக்கொண்டு, அஃது ஏன் அவ்வாறாயிற்று என்று தாமே கண்டறியத் தலைப்பட்டார். வேறு புத்தகங்களின் துணை இன்மையால் ஒவ்வொன்றும் அவருக்கு ஆராய்ச்சியே ஆயிற்று. காகிதம் விலையுயர்ந்ததாகையால் பலகையில் எழுதி, முழங்கையால் துடைத்து, மீண்டும் எழுதினார். முடிவு மட்டும் காகிதத்தில் ஏறியது. இராமானுஜன் தெய்வ வரத்தால் யாவற்றையும் வருத்தமின்றிக் கண்டாரென்று பேசுவோர் அம்முழங்கையை மறந்துவிடுகின்றனர். இளமையில் அவர் உழைத்த உழைப்பு சாமானியமன்று.

நன்மையோடு ஒரு தீமையும் உடன் வந்தது. காருடைய புத்தகம் அவருக்கு வழங்கியது வழியற்ற முடிபுகளை. கணிதம் எழுதுவதென்றால் இதுவே முறையென்று அவர் கருதிவிட்டார். தம் குறிப்புப் புத்தகங்களையும் அவ்வாறே நிரூபணமின்றி நிரப்பினார். நிரூபணம் என்பது எத்துணைக் கண்டிப்பானது, ஐரோப்பாவில் அந்நூற்றாண்டில் அது எவ்வாறு திருத்தமுற்றது என்பவை அந்நூலில் இல்லை; சொல்லித்தர ஆளும் இல்லை. வகுப்புக்கு மேற்பட்ட புத்தகம் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டால் நம் கடமை தீர்ந்தது என்று எண்ணும் தந்தையர் இதைச் சிறிது நின்று சிந்திக்கலாம். அப்புத்தகத்தில் இல்லாததைச் சொல்ல ஒருவரைத் தேடித்தருதல் வாங்கிக் கொடுத்தலினும் கடினம்.

நிற்க. 1903 டிசம்பரில் மெட்ரிகுலேஷன் பரீக்ஷையில் தேறினார். 1904-ல் நடந்த பரிசளிப்பு விழாவில் கணிதத்திற்குரிய இரங்கநாத ராவ் பரிசு அவருக்கு அளிக்கப்பெற்றது. தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் சபையோர்க்கு அவரை அறிமுகஞ் செய்கையில், முழு மதிப்பெண்ணுக்கு மேலும் கொடுக்கக்கூடுமாயின் இம்மாணாக்கருக்குக் கொடுத்தல் தகும் என்னும் பொருள்படப் பேசினார். அத்துடன் உபகாரச் சம்பளமும் பெற்று, தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ் என்று புகழப்பெற்ற கும்பகோணம் அரசினர் கல்லூரியில் எப். ஏ. வகுப்பிற் சேர்ந்தார்.

அங்கே ஆங்கிலம், சம்ஸ்கிருதம், கிரேக்க ரோம சரித்திரம், உடற்கூற்றியல், கணிதம் ஆகிய யாவும் கற்கவேண்டும், யாவற்றிலும் தேறவேண்டும். ஒன்றில் முழு மதிப்பெண் பெற்று மற்றொன்றிற் குறைவைச் சரிக்கட்டிக்கொள்ளுதல் இயலாது. இராமானுஜன் சரித்திர வகுப்பிலும் கணிதமே போட்டுக்கொண்டிருந்தார். ஒன்று, அரை, மூன்றிலொன்று, காலென முடிவின்றிக் கூட்டிச் செல்லும் தொடரை ஆராய்ந்து, அதனோடு தொடர்புடைய ஆய்லர் மாறிலியைப் பதினைந்து தசமஸ்தானம் வரை அவர் கணித்தது இக்காலத்தில்தான். ஆங்கிலத்தில் தவறினார். உபகாரச் சம்பளம் நின்றது. தவணைக்கு 32 ரூபாய் கட்டணம். தந்தையாரின் ஒன்றரை மாத வருவாய்க்கு மேல். கோமளத்தம்மாள் கல்லூரித் தலைவரை நேரிற் கண்டு தம் மகனுக்காக மன்றாடினார். தலைவர் மரியாதையாகக் கேட்டாராயினும் விதியைத் தளர்த்தவில்லை. அக்காலத்துக் குடும்பப் பெண்ணொருத்தி கல்லூரி வாசலேறி வாதாடினார் எனின் அவ்வீட்டில் அச்சம்பளம் எவ்வளவு பொருட்டாயிருந்தது என்பதை நாம் உணரலாம்.

அவமானம் தாங்காமல் 1905 ஆகஸ்டில் இராமானுஜன் வீட்டாரிடம் கூறாமல் விசாகப்பட்டினத்திற்குச் சென்றுவிட்டார். பெற்றோர் பத்திரிகை வாயிலாகத் தேடினர். திரும்பி வந்து, 1906-ல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே சிங்காரவேலு முதலியார் என்னும் கணிதப் பேராசிரியர் அவரைச் சமமாக நடத்தி, கணிதப் பத்திரிகைகளில் வரும் கடினமான வினாக்களை அவருடன் அமர்ந்து ஆராய்ந்தார். முன்னம் கிட்டாத துணை இங்கே கிட்டியது, உடல்நலம் கிட்டவில்லை. நோயால் ஊர் திரும்பி, அவ்வருட இறுதியில் பரீக்ஷை எழுதித் தவறினார். மறுவருடம் தனியே எழுதி மீண்டும் தவறினார். கணிதத்தில் உச்சம், உடற்கூற்றியலில் மிகத் தாழ்ந்த மதிப்பெண். பட்டம் பெறும் வழி அத்துடன் அடைபட்டது.

இதில் யார்மேற் குற்றம்? கல்லூரியார் மூடர் என்று ஏசுவது எளிது, பலர் ஏசியுமிருக்கின்றனர். எமக்கு அது முற்றும் நியாயமாகத் தோன்றவில்லை. விதி எல்லோர்க்கும் ஒன்றாயிருந்தது. இராமானுஜனும் ஆங்கில வகுப்பை அறவே புறக்கணித்தார். தினம் ஒரு மணி நேரம் அதற்கெனக் கொடுத்திருந்தால் உபகாரச் சம்பளம் தப்பியிருக்கும் என்பது எம் எண்ணம். எனினும் பள்ளிக்கூடத்தில் அவருக்கு இருந்த இடம் கல்லூரியில் இல்லை என்பதும் உண்மை. காலஅட்டவணையை அவரிடம் கொடுத்த கணபதி சுப்பையரைப் போன்று, அப்பா, இதையும் சற்றுப் பார்த்துக்கொள் என்று அன்புடன் கண்டிக்க அங்கே ஒருவர் இருந்ததாகத் தெரியவில்லை. மேதையைப் புகழ்ந்தார் பலர். அவரை உட்கார்த்தி ஆங்கிலப் பாடம் படிக்கவைத்தார் ஒருவருமிலர்.

பின்னர் நிகழ்ந்தவை விரைவில் அடங்கும். 1909-ல் ஜானகி அம்மாளை மணந்தார். 1910-ல் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராயிருந்தவரும் இந்தியக் கணித சங்கத்தை 1907-ல் தோற்றுவித்தவருமாகிய இராமசாமி ஐயரைக் குறிப்புப் புத்தகங்களுடன் சென்று கண்டார். நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதந்தோறும் பொருளுதவினார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் முப்பது ரூபாய் குமாஸ்தா வேலை. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு எழுதிய கடிதம். அவ்வருடமே சென்னைச் சர்வகலாசாலையின் எழுபத்தைந்து ரூபாய் ஆராய்ச்சி உதவி. 1914 மார்ச்சில் கப்பலேற்றம். 1918-ல் ராயல் சொஸைடியிலும் டிரினிடி கல்லூரியிலும் அங்கத்தினர் பதவி. எப். ஏ. தேறாதவருக்குக் கேம்பிரிட்ஜ் 1916-லேயே ஆராய்ச்சிக்காகப் பட்டம் அளித்திருந்தது.

ஹார்டி அவரைப் பற்றிப் பின்னாளில் எழுதியதிலே ஒரு கருத்து எம் மனத்தை விட்டு நீங்குவதில்லை. இராமானுஜன் இளமையிலேயே மாண்டது பெருந்துயராயினும், மெய்யான இழப்பு அதுவன்று. பதினெட்டு முதல் இருபத்தைந்து வயது வரை அவரது ஆற்றல் வழிகாட்டியின்றி வீணாயிற்றே, அதுவே இழப்பு என்பது ஹார்டியின் துணிபு. அவ்வாண்டுகளில் அவர் கண்டவற்றுட் பல ஐரோப்பாவில் முன்பே கண்டவை. கூரையிற் செருகிய காகிதத்தின் கதையே பெரிய அளவில் மீண்டும் நிகழ்ந்தது.

இன்று நம் பிள்ளைகளின் நிலைமை அவ்வளவு தனிமையானதன்று. சென்னையில் 1965-ல் தோன்றிய இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் பள்ளி மாணாக்கர்க்கு வகுப்புப் பாடத்தைக் கடந்த வினாக்களில் போட்டிகள் நடத்தி வந்திருக்கின்றது. சர்வதேசக் கணித ஒலிம்பியாட் போட்டிக்கு 1989 முதல் இந்தியா மாணாக்கரை அனுப்பி வருகின்றது. அவ்வினாக்கள் மனப்பாடத்திற்கு அடங்கா. ஒரு வினாவுக்கு ஒன்றரை மணி நேரம் செல்லும். நிரூபணமின்றி விடை மட்டும் எழுதினால் மதிப்பெண் அரிது. கார் புத்தகம் கற்றுக்கொடுக்காத அதனையே இப்போட்டிகள் முதலிற் கேட்கின்றன. ஹைஸ்கூற் பிள்ளை உயர்கணிதம் கற்பதென்பது பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை ஒன்பதாம் வகுப்பிலேயே முடித்துவிடுதல் என்று நம்மிற் பலர் கருதுகின்றனர். அவ்வாறு ஓடிய பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு வருமுன் சலித்துப்போதலையும் நாம் கண்டிருக்கின்றோம்.

முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியிற் கணித ஆசிரியராயிருந்த பி. கே. சீநிவாசன் அவர்களை ஈண்டு நினைத்தல் தகும். இராமானுஜனை நேரில் அறிந்தோர் மறைந்துபோகுமுன் அவர்களைத் தேடிச் சென்று நினைவுகளையும் கடிதங்களையும் சேர்த்து 1968-ல் இரு தொகுதிகளாக வெளியிட்டவர் இவர். இராயபுரத்தில் 1993-ல் இராமானுஜன் காட்சிச்சாலை அமையக் காரணமாயிருந்தவர்களுள் ஒருவரும் இவரே. பள்ளி ஆசிரியர் ஒருவர் செய்த காரியம் அது. ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் சென்னைக்கு ரயிலேறும் நம் குடும்பத்தார் விடுமுறை நாளில் பிள்ளைகளுடன் இராயபுரம் பக்கம் ஒருமுறை சென்று வரலாம், தூரம் அதிகமன்று.

இராமானுஜன் 1919-ல் நோயுடன் தாய்நாடு திரும்பி, 1920 ஏப்ரல் 26-ந் தேதி சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். வயது முப்பத்திரண்டு. குறிப்புப் புத்தகங்களை டாடா ஆராய்ச்சி நிலையத்தார் 1957-ல் அவர் கையெழுத்திலேயே அச்சிட்டனர். அவற்றில் நிரூபணமின்றிக் கிடந்த மூவாயிரத்துக்கு மேற்பட்ட முடிபுகளுக்கு அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ண்ட் முன்னோர் பலருடைய உழைப்பையும் சேர்த்து நிரூபணம் தந்து, 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார். அவற்றுள் முதல் அத்தியாயம் எளியது. கட்டங்களில் எண்களை இட்டு, எப்பக்கம் கூட்டினும் ஒரே தொகை வரச்செய்யும் மாயச் சதுரங்களைப் பற்றியது. இராமானுஜன் டவுன் ஹைஸ்கூலில் படித்த நாட்களிலேயே அதனைத் தொடங்கியிருக்கவேண்டும் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து.